அருவிக்குப் போகிற பஸ்ஸில் தமிழ் கதைக்காதை

நடப்பதற்கென்றே சப்பாத்து விற்கும் கடைகள் இந்த நாட்டில் இருக்கின்றன என்பது, வந்த புதிதில் எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. லண்டன் நோர்பரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் அப்படியொரு சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரயிலேறிப் போவார். பின்னேரம் முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வருவார். எங்கே போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எங்கும் இல்லை, சும்மா நடந்தேன்" என்றார். சொல்ல விருப்பமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் நாங்கள் ஓரிடத்துக்குப் போய்ச் சேர நடந்தோம். பிறகு ஓரிடத்தை விட்டு ஓடுவதற்காக நடந்தோம். மழையில் நனைவதற்கென்று லீவு போட்டு நடக்கிறவர்களை விளங்கிக்கொள்ள எனக்குக் கனகாலம் பிடித்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் அதே மாதிரிச் சப்பாத்து என் வீட்டு வாசலிலும் கிடந்தது. என் மகள் தர்ஷினியுடையது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"கிளேரும் நானும் ஓகஸ்டில ஸ்ரீலங்கா போறம் அம்மா" என்றாள், தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே. கிளேர் அவளுடைய வகுப்புத் தோழி, வெள்ளைக்காரப் பிள்ளை. "மலைநாட்டில ஒரு வோட்டர்போல் இருக்கு. காட்டுக்குள்ளால நடந்து போகவேணும். காலமை வெளிக்கிட்டால் பின்னேரம் திரும்பியிடலாம்."

நான் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டேன். "உனக்கென்ன விசரே?"

"யாழ்ப்பாணம் போக ஏலாது எண்டு நீங்கள்தானே சொல்லுறியள். போகக்கூடிய இடத்துக்காவது போறன். அதுவும் அந்தத் தீவுதானே?"

அவள் சொன்ன அருவியை நான் கலண்டர் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். பிறந்து வளர்ந்த நாட்டின் அந்தப் பாதியை நான் பார்த்ததேயில்லை. இவள் மூன்று வயதில் அங்கிருந்து வந்தவள். இரவு இவளுடைய அப்பாவிடம் சொன்னபோது, "வெள்ளைப் பிள்ளையோடதானே போறாள், ஒருத்தரும் ஒண்டும் செய்யாங்கள்" என்றார். பிறகு நித்திரை வராமல் எழும்பிப்போய்க் கதிரையில் இருந்தார்.

அடுத்த கிழமை கிளேர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன் அறையின் கம்பளத்தில் வரைபடத்தை விரித்து இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். அட்டைக்கடிக்கு உப்பா சவர்க்காரமா நல்லது, வழுக்குப் பாறையில் எந்தச் சப்பாத்து பிடிக்கும், மத்தியான மழைக்கு முன்னால் காட்டைவிட்டு வெளியே வரலாமா என்றெல்லாம் கதை போனது. கிளேரின் விரல் காட்டுப் பாதையில் ஓடியது. என் கண் பஸ் போகும் தெருவிலேயே நின்றது. எந்தச் சந்தியில் சோதனைச்சாவடி இருக்கும்? எந்தச் சந்தியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள்? வரைபடத்தில் அவை இல்லை. கிளேர் கையிலிருந்த பயண வழிகாட்டியிலும் இருக்கவில்லை. அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவள் என்னிடம் "வணக்கம், சுகமா?" என்றாள். நான் சிரித்தேன். இந்தப் பிள்ளை அந்தச் சொல்லை எந்தச் சாவடியிலும் சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஆமிக்காரனும் சேர்ந்து சிரிப்பான். என் பிள்ளை சொல்லக்கூடாது.

கிளேரின் தாய்க்கு இதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று தொலைபேசி எடுத்தேன். என் ஆங்கிலம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்து பழகிய ஆங்கிலம். "அங்கே பஸ்ஸில் நிறையச் செக் இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன்.

"கவலைப்படாதீர்கள்" என்றார் அந்த நல்ல மனுஷி. "கிளேருக்கு ட்ரவலர்ஸ் செக் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இடுப்பில் கட்டும் பையும் இருக்கிறது."

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

போவதற்கு முதல்நாள் பின்னேரம் தர்ஷினியை என் அறையில் இருத்தினேன். அவளுடைய பிரிட்டிஷ் கடவுச்சீட்டைத் திறந்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்த வரியைக் காட்டினேன். "இதைத்தான் முதல் பாப்பாங்கள். கிளேரை முன்னால விடு. கொழும்பில ஹோட்டல்காரர் பொலிசில பதிஞ்ச துண்டை எந்த நேரமும் கையோட வச்சிரு. சொந்தக்காரற்ற விலாசம் ஒண்டும் கொண்டுபோகாதை. பொட்டு வேண்டாம். பஸ்ஸில தமிழ் கதைக்காதை. தமிழ் தெரியுமோ எண்டு கேட்டால் தெரியாது எண்டு சொல்லு."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "அம்மா, பத்து வருஷமாச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனனீங்கள். என்ர பேர்த்டே பார்ட்டி எல்லாம் மிஸ் பண்ணி."

"ஓம். இப்ப சொல்லுறன், தெரியாது எண்டு சொல்லு."

அவளுக்கு நினைவில்லாத ஒன்று எனக்கு நினைவிருந்தது. இங்கே வருவதற்காகக் கொழும்பில் காத்திருந்த நாட்களில், அவளைத் தூக்கிக்கொண்டு விசாக் கந்தோருக்கு பஸ்ஸில் போவேன். 'அம்மா' என்று மட்டும் கூப்பிட வேண்டும், வேறொன்றும் கதைக்கக்கூடாது என்று பழக்கியிருந்தேன். அந்தச் சொல் சிங்களத்திலும் அதுதான். ஒருநாள் பன்சலை என்கிற புத்தகோயிலுக்குப் பக்கத்தில் பஸ் நின்றபோது, "அம்மா, அங்க பாருங்கோ, எவ்வளவு பெரிய யானை!" என்று குதித்தாள். முன்னாலிருந்த தலைகள் திரும்பின. ஒரு மனிதர் மட்டும் பார்த்தபடியே இருந்தார். அடுத்த தரிப்பில் இறங்கி, மிச்சத் தூரமெல்லாம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன்.

அவர்கள் அருவிக்குப் போகிற நாள் எனக்குத் தெரியும். அன்று வேலைக்குப் போகவில்லை. முடிந்ததும் அங்குள்ள தொலைபேசிக் கடையிலிருந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அங்கே பின்னேரமாகும்போது இங்கே காலமைதான்; மத்தியானத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். சமைத்தேன். சமைத்ததை மூடி வைத்தேன். ஒரு பெண் சீப்பு விற்பனைக்கு வந்து மணி அடித்தபோது, பதில்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டேன். பின்னேரம்தான் தொலைபேசி அடித்தது.

"அம்மா, நான் ஓகே. முதல் அதைக் கேளுங்கோ. நான் ஓகே."

பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு அவளை இறக்கியிருக்கிறார்கள். தமிழ் தெரியுமா என்று அதிகாரி கேட்டதற்கு, நான் சொன்னபடியே தெரியாது என்றிருக்கிறாள். அவரும் சரியென்று கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கிற நேரம், சாவடி வாசல் வாங்கில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா அவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"பாப்பா, நீ தமிழ்ப் புள்ளதானே? எம் மகன் ஐடெண்டி கார்ட வீட்லயே வச்சிட்டு வந்துட்டான். உள்ள வச்சிருக்காங்க. கொஞ்சம் இங்கிலீசுல சொல்லும்மா."

"நீ என்ன செய்தனி?" என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவ என்ர முகத்தைப் பாத்துக் கேட்டவ அம்மா. நான் விளங்காத மாதிரி எப்பிடி நிக்கிறது? சொன்னன்."

அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது. தமிழ் தெரியாது என்றவளுக்கு எப்படி விளங்கியது, ஏன் பொய் சொன்னாள், யார் அனுப்பியது, காட்டுக்குள் யாரைப் பார்க்கப் போகிறாள்? பையைக் கொட்டினார்கள். உப்புப் பொட்டலத்தைப் பிரித்து மணந்து பார்த்தார்கள். பஸ் போய்விட்டது. கிளேர் அதற்கு முன்னமே பஸ்ஸிலிருந்து தானாகவே இறங்கி வந்து, இவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, எழும்பச் சொல்லியும் எழும்பவில்லையாம். கொழும்புக்கு அழைத்து ஹோட்டல் பதிவை உறுதிப்படுத்தும்வரை வைத்திருந்துவிட்டு விட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பெடியன்?"

"தோட்டத்தில இருந்து ஆரோ கார்டைக் கொண்டுவந்து குடுத்தவை. எங்களுக்கு முன்னமே அவனை விட்டிட்டாங்கள். அந்த அம்மா என்ர கையைப் பிடிச்சு அழுதவ. பிறகு மழை வந்திட்டுது. வோட்டர்போல் பாக்கேல்லை."

என் வாயில் ஏச்சுத்தான் முதலில் வந்தது. "எத்தனை தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!" என்று கத்தினேன். பிறகுதான் உறைத்தது. தமிழ் கதைத்ததற்காக மட்டும் அவளைப் பிடிக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பொய்யும் சேர்ந்துதான் பிடித்துக் கொடுத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா என்று கேட்டால், அதுவும் தெரியாது. என்ன சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றிரவு கிளேரின் தாய் தொலைபேசி எடுத்தார். "பாவம், அவ்வளவு தூரம் போயும் அருவியைப் பார்க்காமல் வருகிறார்கள்" என்றார். ஓம், பாவம்தான் என்றேன்.

ஹீத்ரோவில் அவர்கள் வந்திறங்கியபோது, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வெயிலில் கறுத்து, மெலிந்து, தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு தர்ஷினி வந்தாள். என்னைக் கண்டதும் அவ்வளவு தூரத்திலிருந்தே, "அம்மா! சரியான பசி! என்ன சமைச்சு வச்சிருக்கிறியள்?" என்று கூப்பிட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, காதுக்குள், "குவாயட்லி, டார்லிங். லெட்ஸ் கோ" என்றேன்.

அவள் விலகி என் முகத்தைப் பார்த்தாள். "ஏனம்மா இங்கிலீசில கதைக்கிறியள்?"

நான் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். கார் நிறுத்திய இடம்வரை அவள் தமிழில் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டு போனேன்.