எலிக்கு வாங்கிய துப்பாக்கி

எரியோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. என் கணவர் அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. குடியிருப்பு திண்டுக்கல்லில்தான். எனக்குப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கெழுதும் வேலை. விடியுமுன் போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும். சாப்பிட்டுச் செத்த நேரம் படுத்து எழுந்து, இருவரும் காரில் தோப்புக்குக் கிளம்புவோம். அவர்தான் ஓட்டுவார். எனக்கு ஸ்கூட்டர் மட்டும் தெரியும்.

தோப்பு வாங்கிய மறுவருஷமே எலித்தொல்லை ஆரம்பித்தது. மரத்தடியில் தினமும் ஓட்டை விழுந்த குரும்பைகள் கிடக்கும். இளநீர்ப் பருவத்துக் காயைக்கூட விடுவதில்லை, காம்புப் பக்கம் வட்டமாகக் குடைந்து வைத்திருக்கும். எலி ஏறாதபடி மரத்தைச் சுற்றித் தகரம் அடித்தோம். எங்களுக்கு முந்தியவர் மரங்களை நெருக்கி வைத்திருந்ததால் மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஒரு மரத்தில் ஏறிய எலி தரையைத் தொடாமலே தோப்பைச் சுற்றி வந்தது. பிறகு விஷக்கட்டி வைத்தோம். ஒரு நாள் வரப்போரம் ஒரு கூகை சிறகை விரித்தபடி செத்துக் கிடந்தது. விஷம் தின்ற எலியை அது தின்றிருக்க வேண்டும். அவர் அதைக் குழி தோண்டிப் புதைத்தார், மிச்சமிருந்த விஷக்கட்டிகளையும் எடுத்து வேறொரு குழியில் போட்டு மூடினார்.

"எலியத் திங்கிறதையே கொன்னுட்டா அப்புறம் எலிய யாரு திங்கிறது?" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஏர் ரைபிள் பேச்சு வந்தது. மதுரையில் ஒரு கடையில் லைசென்ஸ் தேவைப்படாத, சக்தி குறைந்த ரகம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ் ஓட்டிய காலத்தில் எந்த வண்டியைக் கொடுத்தாலும் எடுத்துப் போனவர், இந்தத் துப்பாக்கி விஷயத்தில் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டார். செல்போனில் வீடியோ பார்ப்பார். கடைக்காரருக்குப் போன் போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார்.

கடைக்காரர் பொறுமையானவர். முதலில் அவர் கேட்டது, "எம்புட்டுத் தூரம் சார் சுடணும்?"

"மோட்டார் ரூம்ல உக்காந்தா கடைசி மரம் நாப்பது மீட்டர் இருக்கும்."

"இந்த ரகத்துக்கு நாப்பது மீட்டர்ங்கிறதே ரொம்பத் தூரம். வேகம் என்ன, பவர் என்னன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. உங்களுக்கு வேண்டியது அது இல்ல. பத்துத் தடவை சுட்டா பத்தும் ஒரே எடத்துல விழணும்."

என் கணவருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். ஒன்று நுனிப் பக்கம் கனத்தது. இன்னொன்றின் விசை முரடாக இருந்தது. "கிளட்ச் மாதிரி மெதுவா வரணும்," என்று கடைக்காரரிடம் சொன்னார். கடைசியில் மரக்கட்டை வைத்த ஒரு ஸ்பிரிங் துப்பாக்கியை எடுத்தார். குழலை மடக்கி ஒரு குண்டு போட்டு, திரும்ப நிமிர்த்திச் சுடலாம். சின்னக் குண்டா, பெரிய குண்டா என்று இருவரும் வெகுநேரம் பேசி, தூரம் போகப் போகக் கீழே இறங்குவது குறைவு என்று சின்னக் குண்டு ரகத்தையே முடிவு செய்தார்கள். நான்கு விதக் குண்டு டப்பாக்களும் வாங்கினோம். எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு ஒத்துப்போகும் என்று சுட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாதாம்.

தோப்பில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் மணலை அடைத்து, அதன் முன்னால் வெள்ளைத் தாள் ஒட்டி, நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். கிழக்குப் பக்கம் அடுத்தவர் வீடு இருந்ததால் அந்தத் திசையில் சுடுவதே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அணிலைச் சுடக்கூடாது என்பது நான் சொன்னது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் வந்து, "அண்ணே, அப்பிடியே அந்த மயிலையும் ரெண்டு தட்டி விடுங்க, நெலக்கடலைய வாழ விடல" என்றார். "உள்ள போக எனக்கு ஆசை இல்லப்பா," என்று என் கணவர் அவரை அனுப்பி வைத்தார்.

துப்பாக்கியோடு வந்த குறிமுனையை வைத்துச் சுட்டதில் துளைகள் தாள் முழுக்கச் சிதறின. குண்டை மாற்றினார். இறுக்கிப் பிடித்தால் ஸ்பிரிங் உதைப்பில் துப்பாக்கி அலையும், உள்ளங்கையில் சும்மா கிடத்தி வைத்துத்தான் சுட வேண்டும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். அப்படியும் சுட்டார். சிதறல் குறையவில்லை. குறி பார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டுகிற தொலைநோக்கி, ஸ்கோப், போட்டால் சரியாகும் என்று மறுபடி மதுரைக்குப் போய் ஒரு ஸ்கோப் வாங்கிப் பொருத்தி வந்தார்.

மாட்டிய அன்றே ஸ்கோப்புக்குள் பார்த்துவிட்டுத் தலையை எடுத்தார். "இதுல இருக்குற கோடு வளஞ்சிருக்கு."

"என்ன கோடு?"

"நடுவுல கூட்டல் குறி மாதிரி ரெண்டு கோடு. மத்தியில நெளிஞ்சு கெடக்கு. மட்டமான சரக்கக் குடுத்துட்டான்."

நான் அன்று அதை வாங்கிப் பார்க்கவில்லை. அது அவருடைய சாமான் என்று இருந்துவிட்டேன். கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் வேறொன்று கொடுத்தார். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தெளிவைத் திருப்பி வைத்துக்கொள்கிற நல்ல ரகம். அதைப் பொருத்திக்கொண்டு வந்த மாலை, மோட்டார் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு, மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்துப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"இதுவும் வளஞ்சிருக்கு," என்றார். "இந்தா, நீ பாரு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை வைத்தேன். கறுப்புக் கோடு இரண்டும் ரூல்தடி வைத்துப் போட்டது போல நேராக இருந்தன. நான் வைத்த புள்ளி பக்கத்தில் வந்து நின்றது.

"நேராத்தானே இருக்கு."

"நல்லாப் பாரு."

"நேராத்தாங்க இருக்கு."

"அப்ப சுடு."

அதுவரை நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கோடுகள் வெட்டுகிற இடத்தைப் புள்ளியில் வைத்து விசையை இழுத்தேன். அவர் குழலை மடக்கிக் குண்டு போட்டுக் கொடுத்தார். மறுபடி சுட்டேன். ஐந்தாறு தடவை ஆனதும் அவர் போய்த் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். துளைகள் புள்ளிக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடுகிற அளவில் நெருக்கமாக இருந்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு, மோட்டார் ரூமின் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, ரோட்டோரக் கரண்டு கம்பத்தைப் பார்த்தார். கையை எடுத்தார், மறுபடி மூடினார்.

"என்ன செய்யிறீங்க?"

"கம்பமும் வளஞ்சிருக்கு," என்றார்.

அவர் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கார்ச் சாவியைக் கையில் எடுத்தவர், கதவுப் பக்கத்தில் நின்றுவிட்டார். "பஸ்ல போயிருவோம்," என்றார். கார் தோப்பிலேயே நின்றது. எரியோடு வரை நடந்து பஸ் ஏறினோம். அவர் டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலையில் இருந்தவரை டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை தவறாமல் நடக்கும். ஓய்வுக்குப் பிறகு அவர் யாரிடமும் கண்ணைக் காட்டவில்லை. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், பரிசோதனைக்குப் போகச் சொன்னால் மட்டும் தள்ளிப்போடுவார். மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, எந்தக் கட்டம் நெளிந்து தெரிகிறது என்று ஒவ்வொரு கண்ணாகக் கேட்டார். சொட்டு மருந்து விட்டு உள்ளே படம் எடுத்தார்கள்.

"சர்க்கரையினால வலது கண்ணுல, விழித்திரைக்கு நடுவுல நீர் கோத்திருக்குங்க," என்றார் டாக்டர். "ரெண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண்ணு சமாளிச்சிரும். அதனால பல பேருக்குத் தெரியறதே இல்ல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எலி சுடப் போனேன்மா."

டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் விளக்கிச் சொன்னேன்.

கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், ஒரு தடவையோடு முடியாது, மாதாமாதம் வர வேண்டும் என்றார்கள். ஊசிக்கு அவர் பயப்படவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குரலைத் தாழ்த்தி, "எம்புட்டு நாளா இப்பிடிக் கெடந்துச்சோ. ஒன்னயப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான்பாட்டுக்கு ஓட்டிருக்கேன்," என்றார்.

"ஒண்ணும் ஆகலையே."

"ஆகலங்கிறது வேற."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெயர் கூப்பிடும்வரை விடவில்லை.

ஊசி போட்ட இரண்டு மூன்று மாதத்தில் நெளிவு குறைந்தது. முழுக்கப் போகவில்லை. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் தோப்புக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுகிறார். அந்த மாதங்களில் நான் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். வேடசந்தூர் ரோட்டில் லாரி வரும்போதெல்லாம் என் தோளை அழுத்துவார்.

அவர் கண் தேறும்வரை துப்பாக்கியும் என்னிடம்தான் இருந்தது. அந்தி மங்குகிற நேரத்தில் எலிகள் மட்டை வழியாக வெளியே வரும். அவர் பைனாகுலரை வைத்துக்கொண்டு, "மூணாவது மரம், பாளைக்கு இடது பக்கம்," என்பார். அண்ணாந்து சுடும்போது குண்டு குறிக்கு மேலே போகும், செத்த கீழே வை என்பதும் அவர் சொன்னதுதான். முதல் எலி விழுந்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், உடனே உயிர் போயிருந்தது. அடிபட்டுத் துடிக்க விடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் குறியெல்லாம் என்று அப்போது புரிந்தது.

கண் ஓரளவு தேறியதும் அவர் மறுபடி கடைக்குப் போனார். இடது கண்ணால், இடது தோளில் வைத்துச் சுட என்ன வழி என்று கேட்டார். இந்தத் துப்பாக்கியின் கட்டையில் கன்னம் வைக்கிற மேடு வலது கைக்காரருக்காகச் செய்தது. கடைக்காரர் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் வேறு கட்டையை மாற்றிக் கொடுத்தார். ஸ்கோப்பை ஒரு விரல்கடை பின்னால் தள்ளிப் பொருத்தினார். இடது கை விரலுக்கு விசை பழகவில்லை. குண்டு மறுபடி தாள் முழுக்கச் சிதறியது. இந்தத் தடவை அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தினமும் ஒரு தாள் கேட்பார், புள்ளி வைத்துக் கொடுப்பேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் துளைகள் கிட்டக் கிட்ட வர ஆரம்பித்தன. என் தாளைப் போல் இன்னும் வரவில்லை. இப்போது மேற்கு வரிசை மரங்கள் அவருக்கு, வடக்கு வரிசை எனக்கு. எலி ஒழியவில்லை, குறைந்திருக்கிறது. போன வெட்டில் காய் பறிக்க வந்தவர் மரத்தின் மேலிருந்து, "இந்தத் தடவை ஓட்டை கம்மிங்கய்யா," என்று கத்தினார். என் கணவர் தலையை ஆட்டிவிட்டு, விழுந்த காய்களை ஓரமாகக் குவிக்கப் போனார்.