பொட்டு வைத்த கேமரா

கேமரா வாங்கச் சிதம்பரத்துக்குப் போனது நானும் மாமாவும். மாமா என்றால் அக்காவின் கணவர். பணம் கொடுத்த அம்மா வரவில்லை. புவனகிரிப் பக்கம் நடவு. சேற்றில் இறங்கியவள் பாதியில் கரையேற மாட்டாள்.

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். வெள்ளாறு கடலைத் தொடும் இடத்தில், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்து கடற்புல்லைப் பார்ப்பதுதான் என் ஆய்வு. அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை.

"தண்ணியில குப்புற கெடக்கறதுக்கா பீஸு கட்டறேன்? அப்புடி என்னாதான்டா இருக்குது உள்ள?"

"புல்லும்மா."

"அதத்தான நான் தெனம் புடுங்கிப் போடறேன்!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. ஆய்வுக்குப் படம் தேவைதான். அதைவிட, அம்மா ஒருமுறையாவது உள்ளே பார்த்துவிட வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

கடையில் மாமா கேட்ட முதல் கேள்வி, "ஜூம் எவ்ளோ போவும்?" கடைக்காரர் மகிழ்ந்து நீளமான லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். கோபுரத்துப் பொம்மையின் மூக்குத்திகூடத் தெரியுமாம்.

"எனக்கு ஜூம் வேணாம் மாமா."

"என்னா மச்சான், ஜாஸ்தியா குடுத்தா வேணாங்கற?"

எங்கள் ஆற்று முகத்தில் நீட்டிய கையின் விரல்களே மங்கலாகத்தான் தெரியும். தூரத்திலிருந்து இழுத்து எடுத்தால் கலங்கல்தான் படத்தில் விழும். ஒரு சாண் நெருக்கத்தில் தெளிவாக எடுக்கிற கேமரா போதும். பிளாஷும் உதவாது, மிதக்கும் தூசியெல்லாம் அரிசி மாவு தூவியதுபோல் வெளுத்துவிடும். உச்சி வெயில்தான் விளக்கு. இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப, கிட்டப் போயிப் பாக்கறதுக்கா இவ்ளோ காசு?"

"ஆமா மாமா. அதுக்குத்தான்."

கடைசியில் யாரோ விற்றுவிட்டுப் போன சின்னக் கேமரா ஒன்று அமைந்தது. அதற்கென்றே செய்த, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கூட்டைப் பார்சலில் வரவழைத்தேன். கூட்டின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு மணல், ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். சுத்தமாகத் துடைத்து, கேமராவை உள்ளே வைத்து மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் அது சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. மிக்சியோ மண்வெட்டியோ, எங்கள் வீட்டில் புதிதாக வந்தது எதுவும் பொட்டில்லாமல் வேலைக்குப் போகாது. கூட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் அழகாகத்தான் இருந்தன. நான் துடைக்கவில்லை. கேமரா உள்ளேதானே இருக்கிறது என்று அம்மா கூட்டைத் திறந்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தது எனக்குத் தெரியாது.

அன்று தண்ணீர் வழக்கத்தைவிடத் தெளிவு. கொஞ்சம் படங்கள் எடுத்திருப்பேன். கூட்டுக்குள் பனி படர்ந்தது. பிறகு தண்ணீரே ஆடியது. கரைக்கு வந்து திறந்தேன். வளையத்தில் காய்ந்து உதிர்ந்த சந்தனத் துணுக்கு. கேமரா செத்துவிட்டது, மெமரி கார்டு மட்டும் பிழைத்தது.

சாயங்காலம் அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"கண்ணு படக் கூடாதுன்னு பொட்டு வச்சீங்க அத்த, தண்ணி பட்டுடுச்சி" என்றார் மாமா. அக்கா அவர் தொடையில் கிள்ளினாள். அம்மா சிரிக்கவில்லை. "கேட்டுட்டு வச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

கார்டைப் போனில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். பச்சைப் புல், அதன் நடுவே புல்தாளைக் கட்டிப்பிடித்தபடி நகத்தளவு நண்டு. அம்மா முகத்தருகே கொண்டுபோனாள்.

"நாத்தாட்டம் இருக்குதுடா. யாரு நட்டா இத?"

"யாரும் நடலம்மா. தானா வளருது."

"அந்தப் பொடிசுக்கு அதான் வூடா?"

"ஆமாம்மா."

"அப்ப புடுங்கக் கூடாது" என்றாள். நான் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்த ஆய்வின் சாரம் அதுதான். படத்தைத் தள்ளிப் பார்த்தாள். சீக்கிரமே தீர்ந்துவிட்டது. "மிச்சத்த எப்ப காட்டுவ?"

மறுமாதம் மஞ்சக்குப்பத்தில் அதே கேமரா இன்னொன்றை மாமா தேடிப் பிடித்தார். கூட்டுக்குப் புது வளையம் போட்டேன். அம்மா என்னைக் கேட்டு, கூட்டை மாட்டிக்கொள்ளும் கைப்பட்டையில் மட்டும் பொட்டு வைத்தாள்.

எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து எழுநூறு ரூபாய், சந்தனம் குங்குமம் நீங்கலாக.