முனியாண்டிக்குக் கொடுத்த கம்பி

அன்று அந்த மேட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான், கீழே கொட்டகைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த என் தம்பி. பக்கத்து நிலத்து நாய் ஒன்றும் இருந்தது. பெரியப்பா இல்லை. அவர் அன்று தம்பின் டவுனுக்குப் பல் பிடுங்கப் போயிருந்தார். நடந்ததை இன்றுவரை அதிகமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் வேலைசெய்து குடியிருந்த தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு, மலாக்காவில் புலாவ் செபாங்குக்குப் பின்பக்கம் ஒரு சரிவில் தவுக்கே எனப்படும் சீன முதலாளி ஒருவரிடம் நாலு ஏக்கர் எண்ணெய்ச் செம்பனையை அப்பாவும் மாமாவும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வெட்டிய குலைகளைக் கீழே இறக்க ஒரு சின்ன டிராக்டர். ஜப்பானில் ஓடிக் களைத்து, இங்கே வந்து இரண்டு கை மாறி, மூன்றாவதாக எங்களிடம் வந்தது. ஓட்டுவது மாமா.

அதன் இருக்கைக்குப் பின்னால், 'ப' எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் தடித்த இரும்புக் கம்பி ஒன்று ஆள் தலைக்கு மேல் உயர்ந்து நின்றது. எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வண்டி வந்த வாரமே வந்த ஆயுத பூஜையன்று இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்ட வசதியாக இருந்தது. அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்பினேன். ஜப்பானிலும் ஆயுத பூஜை உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மரங்கள் இன்னும் உயரவில்லை. டிராக்டர் போகும்போதெல்லாம் அந்தக் கம்பி மட்டைகளில் மாட்டும். மட்டை வளைந்து, சடாரென்று விடுபட்டு, முள்ளோடு மாமாவின் கழுத்தில் அறையும். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு மத்தியானம் நாலு போல்ட்டையும் கழற்றிக் கம்பியை இறக்கிவிட்டார்.

இறக்கின கம்பியை என்ன செய்வது? நல்ல இரும்பு. மேட்டின் அடியில் முனியாண்டி சாமிக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. மணி கட்ட ஒன்றும் இல்லாமல் மணியைக் கம்பிச்சுருளில் கோத்து மரத்தில் தொங்கவிட்டிருந்தோம். அப்பா கம்பியை அங்கே குழிதோண்டி நட்டார். சிவப்புச் சாயம் அடித்தார். மணியைத் தொங்கவிட்டார். அளவெடுத்துச் செய்ததுபோல் அப்படிப் பொருந்தியது. அன்றைக்கே சூடம் காட்டி, சுருட்டு வைத்து, கம்பியைச் சாமிக்கு என்று கொடுத்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து டிராக்டரின் எண்ணெய்க் குழாயைப் பழுது பார்க்க அலோர் காஜாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நம் ஆள்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றார்.

"என்னண்ணே, கம்பியக் காணோம்?"

அப்பா பெருமையாகக் கோயில் பக்கம் கை காட்டினார். "அந்தா, சாமிகிட்ட."

"விளையாடாதீங்கலா. இது மேட்டு நிலம். வண்டி கவுந்தா அந்தக் கம்பிதான் தரையில ஊனிக்கும். ஆளு நசுங்காம இருக்கிறதுக்குத்தான் அது. கழட்டி எடுத்து மறுபடி மாட்டுங்க."

"சாமிக்குக் குடுத்தத எப்படிப்பா திருப்பிக் கேக்குறது? அவரென்ன என் மாமனாரா?"

"எங்கப்பாகிட்ட மட்டும் குடுத்த சைக்கிளக் கூசாமத் திருப்பிக் கேட்டீங்களே மச்சான்," என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 'நசுங்காம' என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ரயில் வரும் சத்தம் கேட்டால் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பேன். தண்டவாளம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி இருந்தது. அன்று முதல் மாமா டிராக்டரில் ஏறும்போதெல்லாம் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன். நான் அழுது தொல்லை பண்ணியதில் அம்மா சொன்னார், சாமியிடமே கேட்டுவிடலாம் என்று.

வெள்ளிக்கிழமை பூக் கேட்டோம். ஒரு வெற்றிலைக்குள் வெள்ளை அரளி, இன்னொன்றுக்குள் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் கம்பியை எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் அது சாமிக்கே. எடுக்க வேண்டியது கள்ளமில்லாத கை. வீட்டில் கள்ளமில்லாத கை என்னுடையதுதான் என்று முடிவானது. தம்பியின் கை இன்னும் கள்ளமில்லாதது. ஆனால் அவன் வெற்றிலையைத் தின்றுவிடுவான்.

என் கை முதலில் இடப்பக்கத்துப் பொட்டலத்துக்குத்தான் போனது. தொடப் போகும்போது, முதலில் நினைத்ததே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு சந்தேகம். கையை மாற்றி வலப்பக்கத்தை எடுத்தேன். சிவப்பு.

"பாத்தியா, விடமாட்டேங்கிறாரு," என்றார் அப்பா. அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கம்பி திரும்பி வந்தால் பாதை முழுக்க மட்டை கழிக்க வேண்டியிருக்கும். எனக்கு நிம்மதி இல்லை. சாமி சொன்னதா, நான் கையை மாற்றியதா, எது அந்தச் சிவப்பு என்று புரியவில்லை. இன்றும் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக்குவரத்து போலீஸ்காரர் ஒருவர் வந்து பேசினார். காரில் போடும் பெல்ட் உயிரைக் காக்கும் என்றார். ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார். எனக்குக் கதவு திறந்ததுபோல் இருந்தது. கம்பியைக் கழற்றிய மாமா பெல்ட்டைக் கழற்றவில்லை. அது இருக்கையோடு கிடந்தது. மாமா அதில் தண்ணீர் போத்தலைச் செருகிவைத்திருந்தார். கம்பி போனால் என்ன, பெல்ட் இருக்கிறதே!

மறுநாளிலிருந்து சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் நான் அவர்களோடு மேட்டுக்குப் போனேன். உதிர்ந்த பழம் பொறுக்க என்று பேர். போனது பெல்ட்டுக்காக. மாமா ஏறியதும், "பெல்ட்டு போடுங்க மாமா" என்பேன். அவர் போத்தலை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, 'டிக்' என்று மாட்டி, சல்யூட் அடிப்பார். வளைவு திரும்பியதும் கழற்றிவிடுவார் என்று எனக்குத் தெரியாது. அதையும் பிறகு பெரியப்பாதான் சொன்னார்.

மறு வருடத் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. இரவெல்லாம் மழை. காலையில் வெயில். சரிவைக் குறுக்காக வெட்டிப் போட்ட மண்பாதை மேலே காய்ந்து, உள்ளே சொதசொதவென்று இருந்தது. பின்பெட்டி நிறையக் குலை. மாமா அவசரத்தில் இருந்தார். குலை ஏற்றும் லாரி கீழே வந்துவிடும். பெல்ட்டைத் தொடாமலே வண்டியைக் கிளப்பினார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"மருமகளே, தள்ளுலா. லாரி வந்துரும்."

"பெல்ட்டு போடுங்க மாமா."

"அக்கா, உன் மகளப் பாரு, தவுக்கே மாதிரி நிக்கிறா."

"போட்டுத் தொலையேன்டா தம்பி," என்றார் அம்மா. "இல்லேன்னா இன்னிக்கிப் பூரா அழுவா."

'டிக்.' "போதுமா ஜட்ஜம்மா?"

"கழட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

அவர் தன் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினார். நான் வழிவிட்டேன்.

நாற்பது அடி போயிருக்கும். பள்ளத்துப் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் பாதையின் ஓரம் மெல்லக் கரைந்தது. நான் நினைத்திருந்ததுபோல் சத்தமாக, வேகமாக எதுவும் நடக்கவில்லை. டிராக்டர் யோசித்து யோசித்துச் சாய்ந்தது. மேட்டுப் பக்கம் தரை, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. மாமா அந்தப் பக்கமாக எழுந்தார். எழுந்தவர் சட்டென்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஏன் உட்காருகிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைக்க நேரம் இருந்தது.

வண்டி பக்கவாட்டில் விழுந்தது. முழுக்க உருளவில்லை, பள்ளத்தில் கிடந்த பழைய மரத்தண்டும் மட்டைக் குவியலும் அதைத் தாங்கிக்கொண்டன. குலைகள் மட்டும் உருண்டு உருண்டு கீழே போயின. நாய் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடியது. மாமாவின் இடுப்புக்குக் கீழே சக்கரத்தின் மேல்மூடி அழுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அவர் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அறுங்க மச்சான்! பெல்ட்ட அறுங்க!"

அப்பா பாராங் கத்தியால் அறுத்தார். ஒரே இழுப்பில் அறுபடவில்லை, நல்ல பெல்ட். உயிரைக் காக்கிற பெல்ட்டை ஏன் அறுக்கிறார்கள் என்று எனக்குக் குழப்பம். "அறுக்காதீங்கப்பா" என்று நான் கத்தியதாக அம்மா பிற்பாடு ஒருமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு அது நினைவில்லை. நினைவில்லாமல் இருப்பது நல்லது.

மூன்று மாதம் மலாக்கா ஆஸ்பத்திரி. மாமாவின் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். "சாமிக்கு ஒரு கம்பி குடுத்தான், டாக்டரு ஒரு கம்பி திருப்பிக் குடுத்தாரு," என்று பெரியப்பா சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. சுருட்டு வைக்க மறந்த வாரம் அது என்றார் ஒருவர். முனியாண்டிதான் மரத்தண்டாக வந்து தாங்கினார் என்றார் இன்னொருவர். மழை, பாரம், லாரிக்காரன் அவசரம். பெல்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாமாதான் பேசினார். முதல்முறை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, நான் கட்டிலுக்குக் கிட்டே வருவதற்கு முன்பே, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இந்தா வந்துட்டா என் மருமக. இவ பெல்ட்டு போடச் சொல்லலேன்னா நான் இன்னிக்கிப் படத்துல மாலையோட இருந்திருப்பேன்."

அப்பா சன்னலைப் பார்த்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி, போத்தலை எடுக்காமலே வெளியே போய்விட்டார். நான் பூரித்துப்போனேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஆசிரியர் என்னைக் காலைச் சபையில் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, அறுந்த பெல்ட்டின் மிச்சத்தை அம்மா குப்பையோடு எரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரொம்பக் கோபம். சாமி அறையில் வைக்க வேண்டிய பொருள் அது.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நான் படிப்பை விட்டுவிட்டேன். பத்து பெரண்டாமில் தொழிற்சாலை வேலை, கல்யாணம், பிள்ளைகள். இன்னமும் காரில் யாராவது பெல்ட் போடாவிட்டால் நான் கிளம்ப விடமாட்டேன். மாமா கதையைச் சொல்வேன்.

போன மாதம் தம்பி அலோர் காஜாவில் ஒரு டிராக்டர் கடைக்குக் கூட்டிப்போனான். அந்தப் பழைய வண்டியை இப்போது அவன்தான் அதே மேட்டில் ஓட்டுகிறான். ஏதோ எஞ்சின் உதிரிப்பாகம் வாங்க வேண்டும் என்றான். அவன் பேரம் பேசும்போது, அங்கே நின்ற இன்னொரு சின்ன டிராக்டரின் சக்கரமூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். இரண்டு படம். ஒன்றில் கம்பி நிற்கிறது. ஓட்டுகிறவன் பெல்ட் போட்டிருக்கிறான். இன்னொன்றில் கம்பி இல்லை. அவன் பெல்ட்டின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கடைக்காரரிடம் கேட்டேன். சீனர், நம் பேச்சு நன்றாகப் பேசுவார்.

"தப்பு இல்லலா தங்கச்சி. கம்பி இருந்தா பெல்ட்டு கட்டாயம் போடணும். அது உன்ன கம்பிக்குள்ள புடிச்சி வைக்கும். கம்பி இல்லேன்னா பெல்ட்டு போடக் கூடாது. அது உன்ன வண்டிக்குக் கீழ புடிச்சி வைக்கும்."

"போடாம இருந்தா குதிச்சித் தப்பிச்சிரலாமா?"

"அது யாருக்குத் தெரியும்? தப்பிச்சாலும் தப்பிக்கலாம், குதிச்சி அதுக்கு அடியிலயே போனாலும் போகலாம். அதுக்குத்தான் கம்பி."

மாமா எழுந்ததும், சட்டென்று உட்கார்ந்ததும் எனக்கு அந்தக் கடையிலேயே மறுபடி நடந்தது. அவர் உட்காரவில்லை, பெல்ட் உட்காரவைத்தது.

மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "மாமா, அன்னிக்கி அந்த பெல்ட்டு..." என்றேன்.

"அதான் காப்பாத்துச்சி," என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. "இப்ப எதுக்கு அது? தேத்தண்ணி ஆறுது, குடி மருமகளே."

குடித்தேன். ஆஸ்பத்திரியில் நான் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஏன் அப்படி அவசரப்பட்டுச் சத்தமாகச் சொன்னார் என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. என்னைச் சந்தோஷப்படுத்த என்றுதான் நினைத்தேன். வேறு யாரும் என்னைக் குறை சொல்ல வாய் திறக்க முடியாதபடி அன்று அவர் முந்திக்கொண்டார் என்பது தெரியவில்லை.

முனியாண்டியின் மணி இன்னும் அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. கம்பியை நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை. பூவும் எடுக்கப் போவதில்லை. தம்பியின் வண்டிக்குப் பொருந்துகிற கம்பியும் அதோடு புது பெல்ட்டும் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இரண்டையும் மாட்டித் தர ஆயிரத்து எண்ணூறு வெள்ளிப் பணம். ஐந்நூறு கொடுத்திருக்கிறேன். பாக்கி ஆயிரத்து முந்நூறு.