முன்னாடி போய் நட்ட நடவு

இன்னைக்கு எங்க வயல்ல பாட்டு ஷூட்டிங். மயிலாடுதுறை பக்கத்துல இருக்கிற எங்க கிராமத்துக்கு ஹிப்ஹாப் புரொட்யூசர் ஒருத்தர் காரும் கேமராவுமா வந்து இறங்கினார். சொந்தமா ஸ்டுடியோ, சொந்தமா டி-ஷர்ட் கம்பெனியெல்லாம் வச்சிருக்கிற ஆளு.

அவர் யூடியூப் பேட்டி ஒண்ணு விடாம பார்த்திருக்கேன். எல்லாத்துலயும் ஒரே கதைதான்: "சின்ன வயசுல அம்மாகூட நடவு நட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சேறுதான் என் பீட்."

கேட்டுட்டு நானே கண்கலங்கியிருக்கேன்.

கேமரா ஓடுச்சு. நாத்து முடியை வாங்கிக்கிட்டு சேத்துல இறங்கினார். நட்டுக்கிட்டே முன்னாடி நடந்தார். நட்டதையெல்லாம் அவர் காலே மிதிச்சுக்கிட்டுப் போச்சு.

"சார், பின்னாடி நகர்ந்துக்கிட்டே நடணும்"னேன்.

சிரிச்சார். "அக்கா, நான் வாழ்க்கையில பின்னாடி போனதே இல்லை."

கூட வந்தவங்க கைதட்டினாங்க. அந்த வரி பாட்டுல வந்துடும்னு நினைக்கிறேன்.

நடவு ஆளுங்க இப்ப அவர் மிதிச்ச மூலையை மறுபடி நட்டுக்கிட்டு இருக்காங்க.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கறேன். முன்னாடி நடந்து நடவு நடுற ஊர் எங்கயாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுடறேன்.