கல்லொட்டி கடிக்காத கால்

சர்க்கரை வியாதி என் கால்களைத் தின்று தீர்த்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். அக்காவைப் பார்க்க, போனக்காடு எஸ்டேட்டுக்குப் போன இடத்தில், ஈரப் பாசி வாசனை மூக்கில் ஏறியதும், தேயிலைத் தோட்டத்து ஓடையில் காலை விட்டு உட்கார்ந்தேன். காலில் கூச்சமும் இல்லை, குளிரும் உறைக்கவில்லை. மனசுக்குள் இரண்டு காலையும் எடுத்து, மூன்று சக்கர வண்டிக்கு மனுவும் எழுதியாகிவிட்டது.

சின்ன வயதில் இதே கல்லில், சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, அட்டை கடித்த ரத்தம் காயாத கால்களோடு அம்மாவும் மற்றப் பெண்களும் வரிசையாக உட்கார, பல் கிட்டிப்போகும் அந்தத் தண்ணீரில் விரல் நீளக் கல்லொட்டி மீன்கள் பாறையை விட்டு வந்து பாத வெடிப்புகளைக் கொறிக்க, நாளெல்லாம் வாய் திறக்காத அம்மாகூடக் கூச்சம் தாளாமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நானும் அவள் பக்கத்தில் காலை நுழைப்பேன்.

"அக்கா, என் காலு மரத்துப் போச்சு" என்று அலறினேன்.

அக்கா வந்து கெண்டைக்காலில் கிள்ளினாள். உயிர் போனது.

"காலுக்கு ஒண்ணுமில்ல டே, கேட்டியா. தண்ணியத் தொட்டுப் பாரு. இப்பல்லாம் மாசக்கணக்கா மழையில்லாம வத்திச் சுடுது. பெஞ்சா ஒரேயடியாப் பெஞ்சு கல்லையெல்லாம் உருட்டிட்டுப் போவுது. பின்ன மீனு எங்க நிக்கும்?"

கையால் தொட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஓடையில் ஒரு மீன்கூட இல்லை.