பெயரை மூடிய பெருவிரல்

"கையைத் தூக்கு மகள்" என்கிறார் பஹ்மியா ராத்தா. சிறுமி கையைத் தூக்கி முடிப்பதற்குள் செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் தலைவழியே இறங்கிவிடுகிறது. என்ன வயது என்று கேட்பதில்லை. தோளை ஒரு பார்வை, இடுப்பை ஒரு பார்வை, பின்னால் கொக்கியில் தொங்கும் அங்கிகளுக்குள் கை போனால் வருவது சரியான அளவாகத்தான் இருக்கும். காலுக்கிடையில் போகும் வாரை மட்டும் அவர் தொடமாட்டார். கூட வந்த தாயோ தகப்பனோ குனிந்து கட்ட வேண்டும்.

"கொண்டந்த ஆள்தான் கட்டோணும். கட்டின கைக்குத்தான் பொறுப்பு விளங்கும்."

திருகோணமலை இறங்குதுறையில், மூதூருக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கிழிப்பதும் அங்கி மாட்டிவிடுவதும் அவர் வேலை. ஊர் குறிஞ்சாக்கேணி, வாழ்க்கைப்பட்டது டவுனுக்கு. படகு வெளிக்கிடும்போது கழுத்தில் தொங்கும் விசிலை ஒரு தரம் ஊதுவார், நீட்டமாட்டார். பிளேன்டீயைச் சீனி போடாமல் குடித்துவிட்டுச் சீனியைத் தனியாக வாயில் போட்டுக்கொள்வார். உப்புக்காற்றுப் படாமல் ஃபோனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பைக்கு மேலாலேயே தட்டுவார். கண்ணாடி போடச் சொன்னால், கை இன்னும் நீளமாகத்தானே இருக்கிறது என்று ஃபோனை எட்டப் பிடித்துக் காட்டுவார்.

பெயர் கேட்கும் பழக்கமும் அவரிடம் கிடையாது. "பச்சைச் சாரன் முன்னுக்கு வாங்க", "குடைக்காரப் பிள்ளை, குடையை மடக்குங்க". இருபது வருடமாகப் படகேறும் மூதூர் ஆசிரியை ஒருவர் இன்றைக்கும் அவருக்கு "தொப்புள்கொடி மாதிரி பேக் வச்சிரிக்கிற டீச்சர்"தான்.

அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் ஃபோனில்தான் 'கரைச்சல் பெட்டி' இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் படகு நின்று போனபோது தொடங்கியது. ஃபோன் நம்பரை மறைத்துவைக்கும் ஒரு செயலியில், பெண்களுக்கு மட்டும் ஒரு குழு. கரைச்சல், துன்பம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். கேட்டவர்கள் வெளியே கதைக்கக்கூடாது. உள்ளே வருகிற எவரும் சொந்தப் பெயரை வாசல் படலையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். ஆளுக்கொரு மீன் பெயர். சூடை என்பவரின் புருஷன் கைநீட்டுகிறவன். எங்கே போகலாம், யாரிடம் சொல்லலாம் என்று அவர் இங்கேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கணவாய்க்கு மார்பில் கட்டி. டொக்டரிடம் போகவைக்க மற்ற மீன்கள் ஒரு மாதம் அவருடன் மல்லுக்கட்டின. மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது உவர்மலையில் இருக்கும் புஷ்பவதி அக்கா. மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்றவர். பெட்டியின் இரண்டாவது காவல்.

பெயர் இல்லாமல் ஆளை எப்படி உள்ளே எடுப்பது? அதற்குப் பஹ்மியா ராத்தாவிடம் ஒரு முறை உண்டு. வீடியோவில் அழைக்கவேண்டும். முகம் வேண்டாம். அடையாள அட்டையைப் பிடித்து, பெயரையும் படத்தையும் பெருவிரலால் மூடி, இலக்கத்தின் தொடக்கத்தை மட்டும் காட்டவேண்டும். பிறந்த ஆண்டு அதில் தெரியும். ஆணா பெண்ணா என்பதும் அடுத்த எண்ணில் தெரிந்துவிடும். ஒரு மூச்சு விடும் நேரம். படம் பிடிப்பதில்லை, எழுதி வைப்பதில்லை. ஆனால் பார்த்த பெருவிரல்கள் அவர் மனதில் தங்கிவிடும். மருதோன்றி ஏறியது, ஊசி குத்திக் குத்திப் பொத்தலானது, மீன் செதில் ஒட்டியபடி வந்தது, பால்மாப் படிந்தது. எங்காவது சந்தையில் காசு நீட்டும் கையைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டு, தெரியாதவர் போல வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சின்ன அறை. அதில்தான் அவர் பிழைவிட்டார். பெரும்பாலான பிள்ளைகளிடம் அட்டை இல்லையே என்று குரலை மட்டும் கேட்டு உள்ளே எடுத்தார். பிள்ளைக் குரல் பிள்ளையிடம்தான் இருக்கும் என்று நம்பினார். குரலை மாற்றித் தரும் செயலிகள் ஊருக்குள் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

சென்ற வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, படகுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது றஊப் வந்தார். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர். சத்தம் போட்டுக் கதைக்கிற மனிதர் அல்ல. அன்றைக்குப் போட்டார்.

சின்ன அறையில் ஒரு பிள்ளையிடம், இன்னொரு பிள்ளை போல் நடித்த எவனோ, முக்காடு இல்லாத படம் கேட்டிருக்கிறான். இதுதான் செய்தி.

"எல்லாருட ஐடி கார்டையும் எடுங்க ராத்தா. பேர், ஊர், முகம், எல்லாம் தெரியோணும். ஏலாதெண்டா பெட்டியைப் பூட்டுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நான் பள்ளியில கதைப்பன்."

வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் றஊபின் பக்கம். ஒளித்துக்கொண்டிருந்தால்தானே கள்ளன் வருவான் என்றார் ஒருவர். நல்ல பொம்பிளைக்கு எதுக்குக் கள்ளப்பேர் என்றார் இன்னொருவர். பஹ்மியா ராத்தா எதிர்த்துக் கதைக்கவில்லை. அங்கிகளை மாட்டி, ஆட்களை ஏற்றி, விசிலை ஊதி, படகு துறையை விட்டு விலகிய பிறகுதான் றஊபிடம் திரும்பினார்.

"உங்கட கோவம் சரி தம்பி. பிழை என்னில. ஆனா பேரை எழுதி வச்சா சூடை எண்டொராள் போயிடுவா. அவட புருஷனும் அந்தப் பேரைத்தான் தேடித் திரியிறான்."

றஊப் விலகிப் போகும் படகின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவ்வளவு கதைச்சீங்க. பிள்ளைட பேரை நீங்களும் சொல்லல்லயே தம்பி."

றஊபின் கை சட்டைப்பையில் இருந்த, பூப்போட்ட உறை போட்ட ஃபோனைப் பொத்திக்கொண்டது. அப்போதுதான் அது அவருடைய மகள் என்பது பஹ்மியா ராத்தாவுக்கு உறுதியானது. பதின்மூன்று வயது இன்ஷிரா. படத்தை அனுப்பவில்லை, நேரே வாப்பாவிடம் ஃபோனைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். தொழிற்சாலையில்கூட எவரிடமும் சொல்லவில்லை என்று றஊப் இப்போது மெல்லிய குரலில் சொன்னார். கேட்டவனின் பெயர் பெட்டிக்குள் பொடி நெத்தலி.

பொடி நெத்தலியை இப்போதே குழுவை விட்டுத் துரத்தச் சொல்ல வேண்டாம், பிள்ளையின் ஃபோனில் எதையும் அழிக்க வேண்டாம், வெள்ளி வரை பொறுங்கள் என்று பஹ்மியா ராத்தா கேட்டுக்கொண்டார். அன்று பின்னேரமே சின்ன அறையில் தனியாகக் கதைக்கும் வழியை அடைத்தார். பிறகு ஓர் அறிவித்தல்: இனி ஒவ்வொரு பிள்ளைக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும், கொண்டுவந்த ஆள் ஒருவர் வேண்டும். தாயோ மாமியோ சாச்சியோ வந்து பெருவிரல் வைத்து அட்டை காட்ட வேண்டும். படகுக்கு என்ன சட்டமோ பெட்டிக்கும் அதே சட்டம்.

புஷ்பவதி அக்காவுக்கே மனம் தளம்பியது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகள் சொன்னாளாம், அங்கே வயதை அறிய முகத்தையே காட்டச் சொல்கிறார்களாம். பேசாமல் எல்லாருடைய அட்டையையும் வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவோமா என்று கேட்டார்.

"அலுமாரிக்குத் திறப்பிருக்கு அக்கா. உங்களோட இரிக்கிற மருமகனுக்கு அது எங்க தொங்குதெண்டும் தெரியும்" என்றார் பஹ்மியா ராத்தா. புஷ்பவதி அக்கா சிரித்துவிட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

தாய்மார் வந்தார்கள். இலங்கைத்துறையில் இருந்து ஒருவர் வலைக்குப் பக்கத்தில் நின்றபடி அட்டையைக் காட்டினார். வெருகலில் இருந்து ஒருவர், நெல் அவிக்கும் புகைக்குள் நின்று. ஏச்சும் கிடைத்தது: இதென்ன பொலிஸ் வேலையா, ராத்தாவுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டதா என்று. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சீனியை வாயில் போட்டார்.

புதன்கிழமை பொடி நெத்தலி எழுதியது: நாளைக்கு அசர் தொழுகை முடிய உம்மா வருவா.

வியாழன் பின்னேரம் படகு மூதூரில் நின்றது. டிக்கெட் கூட்டுக்குள் பஹ்மியா ராத்தாவும் அவர் வரச்சொல்லியிருந்த றஊபும் மட்டும். வேறு பெண்கள் அழைத்தபோதெல்லாம் றஊபை வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அவரும் போய் நின்றார். பொடி நெத்தலியின் உம்மா அழைத்தபோது மட்டும், வாங்க என்று கண்ணால் கூப்பிட்டார்.

திரையில் அட்டை வந்தது, கூடவே ஒரு பெண்குரல் ஸலாம் சொன்னது. இலக்கத்தின் தொடக்கம் தெளிவாக இருந்தது. பெண்தான், பிள்ளை பெறும் வயதுதான். மூடவேண்டியதெல்லாம் சொன்னபடியே மூடியிருந்தது. றஊப் பெருமூச்சு விட்டார். இவ்வளவுதானா உங்கள் காவல் என்பது போல் இருந்தது அந்த மூச்சு.

பஹ்மியா ராத்தா இலக்கத்தைப் பார்க்கவில்லை. ஃபோனைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்து, பெயரை மூடியிருந்த பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த விரல். கணுவில் மயிர். நகம் நடுவால் பிளந்து, ஒரு பாதி கறுத்துக் கிடந்தது. மனைவியின் அட்டையை எடுத்தவனுக்கு மனைவியின் கையை எடுத்துக்கொண்டு வர ஏலவில்லை.

ஒன்றும் சொல்லாமல் திரையை றஊபின் பக்கம் திருப்பினார்.

றஊபுக்கு அந்த விரலைத் தெரியும், தன் தொழிற்சாலையில் வேலை செய்பவனுடையது. அந்த நகத்தின்மேல் ஐஸ் பாளம் விழுந்த அன்று தன் வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரே அவர்தான். தையல் போடும்போது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர். பெருநாளைக்கு வீட்டில் வந்து அவனும் சோறு தின்றவன்.

அவர் எழும்பப் போனார். பஹ்மியா ராத்தா ஒரு கையால் அவருடைய சட்டையைப் பிடித்து இருத்திவிட்டு, மற்றக் கையில் இருந்த ஃபோனிடம், எப்போதும் கதைக்கும் அதே குரலில், "சரி தங்கச்சி, விளங்குது. சின்னவ உள்ளுக்கே இரிக்கட்டும்" என்று சொல்லி அழைப்பை நிறுத்தினார்.

"விடுங்க ராத்தா. கையை முறிச்சிட்டு வாறன்."

"முறிச்சா அவன் ஃபோனைக் கடல்ல போட்டுடுவான். இருங்க."

றஊப் இருந்தார். கூட்டின் பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்:

"இவண்ட பேர், ஊர், முகம், எல்லாம் எண்ட மேசை லாச்சிக்குள்ள கிடக்கு ராத்தா. வேலைக்குச் சேர்ந்த அண்டைக்கே ஐடி கொப்பி வாங்கினனான்."

அன்றைக்கே பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போனார்கள். இன்ஷிராவின் ஃபோனில் செய்திகள் அழியாமல் இருந்தன. தொழிற்சாலை வாசலில் வைத்து அவனைப் பிடித்தபோது அவன் ஃபோனிலும் பொடி நெத்தலி இருந்தது; வேறு இரண்டு பிள்ளைகளிடம் தொடங்கியிருந்த கதையும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் யாரென்று பஹ்மியா ராத்தா இன்றுவரை வாய் திறக்கவில்லை.

சொன்னபடி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய றஊப் பள்ளியில் கதைத்தார். பெட்டியைப் பூட்டத் தேவையில்லை, வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும், தன் வீட்டிலிருந்தும் போவார்கள் என்றார். யாருடைய பிள்ளைக்கு நடந்தது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டாராம். உங்களுடைய பிள்ளையாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு றஊப் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாராம்.

அன்று பின்னேரப் படகுக்குப் பஹ்மியா ராத்தா ஊதிய விசில் மூச்சு முடியும்வரை நீண்டது. ஏதும் ஆபத்தோ என்று படகோட்டி இயந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "ஒண்டுமில்ல, போங்க போங்க" என்று கையை விசிறினார் ராத்தா. பெட்டிக்குள் சூடை ஒரே வரி எழுதியிருந்தார்: நான் எங்கயும் போகல்ல.

இப்போது பெட்டியில் மீன் பெயர்கள் தீர்ந்துவிட்டன. மட்டி, சிப்பி, சங்கு என்று கரைக்கு வந்துவிட்டார்கள். இறால் வேண்டும் என்று இரண்டு பேருக்குள் சண்டை. வெள்ளை இறால், கறுப்பு இறால் என்று பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவைத்தவர் புஷ்பவதி அக்கா.

போன கிழமை, படகு போய்த் துறை வெறிச்சோடிய நேரத்தில் ஓர் அழைப்பு. ஒரு பிள்ளையைத் திரும்பவும் கொண்டுவந்து சேர்க்கும் தாய். திரையில் அட்டை; அதன்மேல் மருதோன்றி சிவந்த பெருவிரல். பின்னால், குசினி வாசலில், ஓர் ஆண் சுவரைப் பார்த்துக்கொண்டு முதுகு காட்டி நின்றார். அந்த அகன்ற முதுகையும், கழுத்தில் போட்டிருந்த ஐஸ் தொழிற்சாலைத் துவாயையும் பஹ்மியா ராத்தாவுக்குத் தெரியாமலில்லை. அட்டையை நேராக்கப் பார்த்ததில் தாயின் பெருவிரல் சற்று வழுகியது. பெயரின் முதலெழுத்துகள் வெளியே வந்தன: சுஹை...

பஹ்மியா ராத்தா தன் பெருவிரலைப் பிளாஸ்டிக் பைக்கு மேலால் திரையில் வைத்து, அந்த எழுத்துகளை மூடினார்.