நாற்பத்தொரு பார்வையாளர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையொன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இமெயில் அனுப்புவேன். அதில் எங்கள் ஆலையின் இணையப் பக்க முகவரியும் இருக்கும். அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அதன் அடியில் ஓர் எண் காட்டும். தினமும் அதைத் திறந்து பார்த்து முதலாளியிடம் சொல்வேன். எண் நாற்பத்தொன்றானது.

"கம்ப்யூட்டரே இம்புட்டுப் பேரைக் கூட்டியாருது, பொறவு சண்முகம் எதுக்கு ஊர் ஊரா அலையணும்?" என்று விற்பனையாளர் சண்முகம் அண்ணாச்சியை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அடுத்த மூன்று நாள் டெலிபோன் லைன் இல்லை; அதனால் இன்டர்நெட்டும் இல்லை. சரியானதும் பக்கத்தைத் திறந்தேன். நாற்பத்திரண்டு. கூடிய அந்த ஒன்று நான்தான். பழைய நாற்பத்தொன்றும் நான் திறந்து பார்த்த தடவைகள்தான்.

அன்றே அண்ணாச்சி சாம்பிள் பையை ஒப்படைக்க வந்தார். "வருசம் பூரா அலைஞ்சாலும் நான் அம்புட்டுப் பேரைப் பாக்க ஏலாது தாயி. நீ கெட்டிக்காரி," என்றார். முதலாளி பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் பையை வாங்கி வைத்தேன்.

தெரியாமல் செய்த தவறை என்னால் மன்னிக்க முடிகிறது. தெரிந்த பிறகும், படித்தவள் என்ற பேர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்ட என்னை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.